எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கைக்குக் காத்திருப்பவர்கள் கவனத்துக்கு: உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய மின்னஞ்சல்?

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுப் பட்டியல் எப்போது வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாக, விண்ணப்பத்தை வேறு யாரிடமாவது கொடுத்துப் போட்டவர்கள். 2024-இல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டியலிலேயே எனக்கு இடம் கிடைத்தது. கிடைத்த விஷயமே எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தெரிய வந்தபோது அந்த இடம் கையைவிட்டுப் போயிருந்தது.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பத்தாவை மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு எந்த ஜன்னலுக்குப் போவது என்று தெரியாமல் நின்ற எங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவர் ஒரு மருத்துவச் சமூகப் பணியாளர் அக்கா. என்ன படித்தால் இந்த வேலைக்கு வரலாம் என்று அவரிடம்தான் கேட்டேன். அன்றைக்கு முடிவு செய்தது இந்தப் படிப்பு.

பி.ஏ. கடைசி வருடம் படிக்கும்போது, மதுரையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த கல்வி ஆலோசனை மையத்துக்குப் போனோம். தெரிந்த பெண் ஒருத்தியை அவர்கள்தான் பெங்களூரில் நர்சிங் சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை. அங்கே இருந்தவர் அப்பாவை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஐயா, பொண்ணு சீட்டு என் பொறுப்பு. நீங்க தறியைப் பாருங்க" என்றார். அப்பா அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

முதலில் 3,500 ரூபாய் வாங்கினார், விண்ணப்பம் போட. தேர்வுக் கட்டணமும் சேர்த்துத்தான் என்றார். அப்புறம் மே மாதம் 'கவுன்சலிங் சர்வீஸ்' என்று 15,000. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

2024 ஜனவரியில் க்யூட் பி.ஜி. என்ற முதுகலை நுழைவுத் தேர்வுக்கான படிவத்தை அவர் நிரப்பும்போது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். செல்போன் எண் கேட்கும் இடம் வந்ததும் சொன்னார்: "உங்க நம்பரைப் போட்டா ஓடிபி வர்றப்பல்லாம் உங்களுக்கு போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு இருக்கணும்மா. ஆபீஸ் நம்பரே போட்டுக்கிறேன்." மின்னஞ்சலும் அப்படியே. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் மொத்தக் கதையும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

அந்த இரண்டு கட்டங்களில் யாருடைய எண்ணும் முகவரியும் இருக்கிறதோ, விண்ணப்பம் அவருடையது. கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா, ஓடிபி அவருக்கு. நேர்காணல் தேதியா, அவருக்கு. உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது, இத்தனாம் தேதிக்குள் கட்டணம் கட்டுங்கள் என்ற கடிதமும் அவருக்குத்தான் போகும். உங்கள் பெயரும் உங்கள் மதிப்பெண்ணும் இருந்து என்ன, கதவுச் சாவி அவர் பாக்கெட்டில்.

மார்ச்சில் தேர்வு எழுதினேன். 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பார்கள், மொத்தம் 300. நன்றாகவே எழுதியிருந்தேன். ஏப்ரல் 13 அன்று முடிவு வந்தது. மதிப்பெண் அட்டையை அவர்தான் பதிவிறக்கி வாட்ஸாப்பில் அனுப்பினார். படிவத்தை நிரப்பிய பிறகு வரும் கன்ஃபர்மேஷன் பேஜை மட்டும் கடைசிவரை தரவில்லை. கேட்டதற்கு "ஃபைல்ல இருக்கும்மா" என்றார். அந்தத் தாளில்தான் பதிவான எண்ணும் மின்னஞ்சலும் அச்சாகியிருக்கும் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

என்னை மாதிரி முதல் தலைமுறைப் பிள்ளைகள் நிறையப் பேர் ஏமாறும் இடம் இன்னொன்று இருக்கிறது. க்யூட் பி.ஜி. என்பது வெறும் தேர்வு. தேசியத் தேர்வு முகமை மதிப்பெண்ணைக் கொடுப்பதோடு சரி. அதற்கப்புறம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நம்ம ஊர் பொறியியல் கலந்தாய்வு மாதிரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கலந்தாய்வு கிடையாது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் முன்பு தனக்கென்று டிஸ்நெட் என்ற தேர்வை வைத்திருந்தது. 2024-இலிருந்து முதுகலைக்கு அதுவும் க்யூட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது, அதற்கு மேல் நேர்காணலும் உண்டு. ஆனால் சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் போன்ற கல்லூரிகளுக்கு நேராக அந்தக் கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இது இரண்டும் வேறு வேறு வழி என்று தெரியாதவர்களிடம் 'எல்லாத்துக்கும் சேர்த்து நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்லிப் பணம் வாங்குவது ரொம்ப எளிது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டா என்ற ஒன்றே இல்லை. அப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஜூன் பிறந்தது. அப்போதிலிருந்து வாரா வாரம் அவருக்கு போன் செய்தேன். முதல் வாரம், "வெயிட்டிங் லிஸ்ட்ல 42 மா." அடுத்த வாரம் 31. அதற்கடுத்து 19. எண் இறங்க இறங்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் அந்த எண்களைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். 14 வந்ததும் அவர் பேச்சை மாற்றினார். "இதுக்கு மேல நகராது போலிருக்கு. ஒரு வருஷம் வீணாப் போகக் கூடாதில்ல? வெளிமாநிலத்துல ஒரு தனியார் காலேஜ்ல எம்.எஸ்.டபிள்யூ. இருக்கு. 20,000 கட்டி சீட்டைப் பிடிச்சு வெச்சுக்கலாம். ஃபீல்டு ஒர்க்கெல்லாம் போக வேணாம், ரெக்கார்டுல கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றார்.

ஃபீல்டு ஒர்க் இல்லாத எம்.எஸ்.டபிள்யூ. என்று கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்தப் படிப்பின் உயிரே களப்பணிதான். வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையிலோ, குழந்தைகள் இல்லத்திலோ, கிராமத்திலோ நின்றுதான் கற்றுக்கொள்கிறோம். அது வேண்டாம் என்று ஒருவர் ஆசை காட்டினால், அவருக்கு இந்தப் படிப்பும் தெரியாது, உங்கள் மேல் அக்கறையும் கிடையாது. ஆனால் அப்போது பயம்தான் பெரிதாக இருந்தது. அப்பா கடன் வாங்கி அந்த 20,000-ஐயும் கொடுத்தார். சரிபார்ப்புக்கு என்று பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், டி.சி. எல்லாவற்றையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்.

உண்மை வெளியே வந்தது தற்செயலாகத்தான். என்னோடு பி.ஏ. படித்த தோழி, என்னைவிட 20 மதிப்பெண் குறைவு, அதே பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். இருவருக்கும் ஒரே பிரிவு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. வீட்டில் ஒன்றும் சொல்லாமல் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பல்கலைக்கழகத் தளத்தில் என் க்யூட் விண்ணப்ப எண்ணைப் போட்டுக் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினேன். பதிவு செய்த மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாக வந்தது. முகவரியில் முதல் இரண்டு எழுத்தும் கடைசியும் மட்டும் தெரிந்தது, நடுவில் நட்சத்திரக் குறிகள். என் பெயர் 'எம்'மில் தொடங்கும். திரையில் இருந்தது 'எஸ்', 'கே'. கீழே செல்போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம். ஆலோசனை மையத்தின் விசிட்டிங் கார்டில் இருந்த அதே நான்கு இலக்கம்.

மறுநாள் காலையிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பதினோராவது முறை எடுத்தார்கள். பெயர், விண்ணப்ப எண், பிறந்த தேதி எல்லாம் சரிபார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் எப்போதுமே இல்லை, முதல் பட்டியலிலேயே இருந்தீர்கள், கட்டணம் கட்ட மூன்று நாள் கொடுத்திருந்தோம், கட்டவில்லை என்பதால் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. அவர் குரலில் கோபமோ அலுப்போ இல்லை. இன்னொரு விஷயத்தையும் அவரே சொன்னார். கட்டணம் கட்டியிருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வந்திருக்குமாம். ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் விண்ணப்பித்துவிட்டு, நம் மாநில அரசு தரும் எம்.பி.சி. சான்றிதழைப் பதிவேற்றியிருக்கிறார்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கு அது செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதில் கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்று இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து கிடைக்கும். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் இதை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

42, 31, 19, 14. அவ்வளவும் அவர் வாயில் வந்த எண்கள். எனக்குக் கிடைத்த இடத்தைப் பற்றிச் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் ஒரு பைசா வராது. தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டால் கமிஷன் வரும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அம்மா அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துப் போடவில்லை. பிற்பாடு புகாரோடு அதையும் இணைத்தோம்.

நேரில் போய்க் கேட்டபோது, "மெயில் ஸ்பேம்ல போயிருக்கும், அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். சான்றிதழ் கேட்டால் மீதிப் பணம் கட்டச் சொன்னார். அப்பா எதுவும் பேசாமல் படியிறங்கி வந்தார். என் பெரியப்பா மகன்தான் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். ஆனால் நிலையத்திலிருந்து ஒரு போன் போனதும் அன்று சாயங்காலமே அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அதனால் 'போலீசுக்கெல்லாம் எதுக்கு' என்று தயங்காதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

தனியார் கல்லூரிக்குப் போன 20,000 திரும்பக் கிடைத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டிய பணம் வராது என்று ஆலோசனை மையத்தில் அடித்துச் சொன்னார்கள். நல்லவேளையாகக் கல்லூரி ரசீது என் பெயரில் இருந்தது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்திருந்தது. அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்த அறிவிப்பைக் குறிப்பிட்டு, ரசீதை இணைத்து, ஜூலை கடைசியில் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். இந்த முறை என் சொந்த முகவரியிலிருந்து. ஆகஸ்ட் முடிவதற்குள் முழுப் பணமும் அப்பா கணக்குக்கு வந்துவிட்டது. இந்தத் தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், நீங்கள் சேரும் வருடத்து அறிவிப்பைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் யு.ஜி.சி. விதியில் இடமில்லை.

2025-இல் நானே விண்ணப்பித்தேன். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். தமிழ்நாட்டிலேயே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். களப்பணி அரசு மருத்துவமனையில்.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்து விண்ணப்பித்துவிட்டீர்களா? இன்றைக்கே கன்ஃபர்மேஷன் பேஜைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தாலோ, அதில் உங்கள் எண் இல்லையென்றாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் விண்ணப்பித்த எல்லாப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுக்கும் நேரடியாக எழுதி, தொடர்பு விவரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். பட்டியல்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தளத்திலேயே பி.டி.எஃப்.ஆகப் போடுகிறார்கள், அதில் உங்கள் விண்ணப்ப எண்ணை நீங்களே தேடுங்கள். அவர் சொன்ன எண்ணை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

அந்த மையம் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறது, போர்டில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அவரிடம் போன 18,500 ரூபாய்க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போன வாய்தாவுக்கு அவர் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அப்பா தறிக்கு லீவு சொல்லியிருக்கிறார்.