லெஸ்: மரிக்கொழுந்து காணாமப் போன நாள்ல இருந்து என் விமர்சனம்

டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கிற ஸ்க்ரீன்ல, ஃபைல தொறந்து பார்க்க லெஸ்ங்குற புரோகிராம யூஸ் பண்ணாத ஆளு கம்மி, ஆனா அதுக்கு ரிவ்யூ எழுதுற ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். காசு குடுத்து வாங்குனது இல்ல, இருந்தாலும் ரெண்டு வாரம் என் தூக்கத்த வாங்கிருச்சு, அதனால எழுதுறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கடைக்கு பில்லிங் நாங்கதான் பார்க்குறோம். விடியக்காலைல ஏவாரம் ஆரம்பிச்சு மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கின்னு எடை போட எடை போட ஒவ்வொரு பில்லும் லாக் ஃபைல்ல தமிழ்லயே விழும். ஒருநாள் கடைக்காரண்ணன் போன் போட்டு "தம்பி, மரிக்கொழுந்து கணக்கே வரல, பாருப்பா"ன்னாரு. சர்வர்ல போய் லெஸ்ல லாக்க தொறந்தா, தமிழே இல்ல! ஸ்க்ரீன் பூரா இ0 ஏஇ ஏஇ-ன்னு கோணக் குறிக்குள்ள நிக்கிது. நம்ம ம-வோட மூணு பைட்டுதான் அது, யூடிஎஃப்-8ங்குற எழுத்து சேமிக்கிற முறைல தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் மூணு பைட்டு, ஆனா சர்வர்ல லொகேல், அதாவது மொழி செட்டிங், எதுவுமே செட் பண்ணாததால லெஸ் அத தமிழ்னு நம்பாம பைட்ட பைட்டாவே காட்டுது. லெஸ்சார்செட்ங்குற செட்டிங்க யூடிஎஃப்-8னு வச்சதும் சரியாயிருச்சு. கூட வேலை பார்க்குற தம்பி அதுக்குள்ள "ண்ணே, லெஸ்ஸே பக்கு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டான். இல்லடா, நம்ம செட்டிங்.

அடுத்து, சாய்கோடு போட்டு மரிக்கொழுந்துன்னு தேடுனா பேட்டர்ன் நாட் ஃபவுண்டுங்குது. ஆனா கண்ணு முன்னாடி அந்த வார்த்தை நிக்கிது! இத பக்குன்னுதான் நானும் நெனச்சேன், சத்தியமா. நைட்டு பதினோரு மணிக்கு அந்த வரிய தனியா வெட்டி, பைட்ட பைட்டா காட்டுற எக்ஸ்எக்ஸ்டி கமாண்டுல போட்டு எண்ணிப் பார்த்தா, ஃபைல்ல உள்ள மரிக்கொழுந்து 42 பைட்டு, நான் டைப் பண்ணது 39. மூணு பைட்டு, அதாவது ஒரு எழுத்துக்குறி ஜாஸ்தி. என்னான்னா, கொ-ல இருக்குற ொ-வ ஒரே குறியாவும் வைக்கலாம், ஒத்தக்கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கடையோட பழைய பொருள் லிஸ்ட்டு பாமினிங்குற யூனிகோட் இல்லாத ஃபாண்ட்ல இருந்துச்சு, அத கன்வர்ட் பண்ண புண்ணியவான்ங்க ரெண்டா பிரிச்சு வச்சிட்டாய்ங்க (அந்த புண்ணியவான்ங்கள்ல நானும் ஒரு ஆளு, அத விடுங்க). லெஸ் பாவம் பைட்டு எப்படி இருக்கோ அப்படித்தான் ஒப்பிடும், ரெண்டும் ஒரே கொன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. அவசரத்துக்கு நடுவுல என்ன இருந்தாலும் சரிங்குற மாதிரி மரிக்க.*ழுந்து-ன்னு ரெகெக்ஸ் போட்டேன், அம்புட்டும் வந்து விழுந்துச்சு. கணக்குல விட்டுப்போனதும் இதே கோளாறுதான், ரிப்போர்ட் புரோகிராமும் ஒரு ஸ்பெல்லிங்கத்தான் தேடிட்டு இருந்துச்சு, இப்ப ரெண்டு குறிய ஒண்ணாச் சேக்குற என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திட்டுத்தான் எதையும் சேவ் பண்றோம்.

இப்ப நெசமாவே எரிச்சலான விஷயத்துக்கு வர்றேன். லேப்டாப்ல புது டெர்மினல் ஒண்ணு போட்டேன், அதுல லெஸ்ல வரிகள் பாதி ஸ்க்ரீன்லயே மடியுது. எல்லா வரியும் இல்ல, சில வரிதான். எந்த வரின்னு கண்டுபிடிக்கத்தான் ஒரு சனிக்கிழமை பூரா போச்சு. கடைசில லாக்க தூக்கிப் போட்டுட்டு ரெண்டே வரில ஒரு ஃபைல் செஞ்சேன், மொத வரில 60 கி, அடுத்த வரில 60 கீ. 80 கட்டம் அகல ஸ்க்ரீன்ல தொறந்தா கீ வரி ஒழுங்கா ஒரே வரியா நிக்கிது, கி வரி நாப்பதாவது எழுத்துலயே ஒடிஞ்சு கீழ விழுது! யூனிகோட் பட்டியல்ல ீ-ய இடம் எடுக்காத குறின்னு வச்சிருக்காய்ங்க, ி-ய இடம் எடுக்குற குறின்னு வச்சிருக்காய்ங்க. அதனால லெஸ் கணக்குல கீ ஒரு கட்டம், கி ரெண்டு கட்டம். என் புது டெர்மினலோ கி-ய ஒரே எழுத்தா சேத்து ஒரே கட்டத்துல வரையுது. பழைய டெர்மினல்ல லெஸ்ஸும் டெர்மினலும் கி-ய ரெண்டு கட்டம்னே எண்ணுறதால வரி ஓரத்துல ஒழுங்கா மடியுது, ஆனா எழுத்துக்கு நடுவுல பல்லு போன மாதிரி சந்து. அதே ஃபைல, அப்படியே கொட்டிக் காட்டுற கேட் கமாண்டுல போட்டா புது டெர்மினல்ல எந்தக் கோளாறும் இல்ல, ஏன்னா கேட் அகலத்தப் பத்தி யோசிக்கிறதே இல்ல. இத யார் தலைல கட்டுறது? லெஸ் பட்டியலப் பார்த்து எண்ணுது, டெர்மினல் கண்ணப் பார்த்து எண்ணுது. என்னக் கேட்டா டெர்மினல் பண்றதுதான் படிக்கிறவனுக்கு நல்லது, லெஸ்தான் எறங்கி வரணும்.

இன்னொரு குறை, லாக்குல புதுசா விழுற வரிய காட்டுற டெய்ல் கமாண்டோட அவுட்புட்ட பைப்ல லெஸ்ஸுக்கு அனுப்பி, பெரிய எஃப் அமுக்கி பார்த்துக்கிட்டு இருக்கும்போது கண்ட்ரோல் சி அடிச்சா டெய்லும் சேந்து செத்துரும். பைப்பே வேணாம், நேரா ஃபைல லெஸ்லயே தொறந்து எஃப் அமுக்குங்க, பொழச்சுக்கும்.

இத்தனையும் திட்டிட்டு நல்லத சொல்லாம விட்டா பாவம். மோர்ங்குற பழைய புரோகிராம் 1978ல டேனியல் ஹால்பர்ட் எழுதுனது, அதுல கீழதான் போக முடியும்னு இருந்ததுக்காக, மேலயும் ஏறிப் போற மாதிரி மார்க் நூடல்மன் 1983ல எழுத ஆரம்பிச்சதுதான் லெஸ், இன்னிக்கும் அவருதான் பார்த்துக்கிறாரு. எம்புட்டு பெரிய லாக்கா இருந்தாலும் பூராவும் மெமரில ஏத்தாம சட்டுனு தொறக்கும், அதே லாக்க எடிட்டர்ல தொறந்தா டீ குடிச்சிட்டு வரலாம். அண்ட் குறி போட்டு சம்பங்கின்னு அடிச்சா சம்பங்கி வரி மட்டும் நிக்கும், கடைக்காரண்ணன் போன்ல இருக்கும்போதே பதில் சொல்லிரலாம். உள்ள இருந்துக்கிட்டே ஹைஃபன் பெரிய எஸ் அடிச்சா நீள வரி மடியாம நிக்கும், அம்புக்குறியில பக்கவாட்டுல போய்க்கலாம், தமிழ் லாக்குக்கு நான் இப்ப இப்படித்தான் ஓட்டுறேன்.

அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க்கு கி-க்குப் போச்சு. 60 கி, 60 கீ ஃபைலும் ரெண்டு டெர்மினல் படமும் ரெடியா வச்சிருக்கேன், பக் ரிப்போர்ட் எழுதத்தான் ஒக்காரணும், தம்பி என்னடான்னா "ண்ணே, அந்த நூடல்மனுக்கு தமிழ் தெரியாதுல்ல, கி-க்கும் கீ-க்கும் வித்தியாசம் எப்படிண்ணே புரிய வைப்பீங்க"ங்குறான்.