எஸ்ஏ-516 கிரேடு 70 தகடு: விலை சரி, சான்றிதழைப் படிக்கணும்

அழுத்தக்கலன் (உள்ளழுத்தம் தாங்கும் கொள்கலன்) கட்டுவோருக்குப் பழகிய கார்பன் எஃகுத் தகடு. வெல்டிங்குக்கு நன்றாக ஒத்துழைக்கும். இழுவிசை வலிமை 485 முதல் 620 மெகாபாஸ்கல், ஈல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம்) குறைந்தது 260. தடிமன் 40 மி.மீ.க்கு மேல் போனால் நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) தகடுதான் செல்லும்.

கவனம் வேண்டியது மில் சான்றிதழில், அதாவது எஃகு ஆலை தரும் சோதனைச் சான்றிதழில். கார்பன் உச்சவரம்பு 12.5 மி.மீ. தடிமன் வரை 0.27%, 50 மி.மீ. வரை 0.28%. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய இரும்பு உருக்கிய தகடென்றால் தாமிரமும் குரோமியமும் அழையா விருந்தாளிகளாக வந்து சேரும். இவ்வகைத் தகடுகளுக்கான பொதுத் தரநிலை எஸ்ஏ-20. அதன் வரம்பு: தாமிரம், நிக்கல் தலா 0.40%, குரோமியம் 0.30%, மாலிப்டினம் 0.12%. நான்கும் சேர்ந்து 1.00%, பின்னிரண்டும் சேர்ந்து 0.32% தாண்டக்கூடாது. குரோமியம் 0.28, மாலிப்டினம் 0.08 என்றால் தனித்தனியே தேறும், கூட்டினால் 0.36, தோல்வி. இப்படிப்பட்ட தகட்டில் வெல்டை ஒட்டிய பகுதி கடினமாகி, ஹைட்ரஜன் விரிசல் வரும். கார்பன் சமானத்துக்கும் (கார்பனோடு மற்ற தனிமங்களின் கடினமாக்கும் விளைவையும் சேர்த்துக் கணக்கிடும் எண்) ஆர்டரிலேயே வரம்பு எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் மில் அசையாது.

மில் சான்றிதழில் 3.1, 3.2 என இரு வகை. 3.1 சான்றிதழில் மில்லின் சொந்த ஆய்வாளர் கையெழுத்து மட்டுமே. வெளி ஆய்வாளரும் ஒப்பமிடுவது 3.2. எதுவானாலும் தகட்டில் குத்திய ஹீட் எண்ணோடு (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) ஒப்பிடுங்கள். வெட்டும் முன்பே அந்த எண்ணை மிச்சத் துண்டுக்கும் மாற்றிக் குத்தாவிட்டால், அது வெறும் காயலான் சரக்கு.