ஒரு பழைய கார், இரண்டு ஆயில் சீல், மூன்று ஆண்டுகள்

காரை எடுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை. சந்தேகமே இல்லை, கியர் ஆயில்தான். கியர்பாக்ஸின் வால் முனையில், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்தில், ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கசிந்துகொண்டிருந்தது.

அதை நானே மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சரியாகச் சொன்னால், இரண்டு முறை மாற்றினேன். முதல் சீல் நான்கே மாதம்தான் தாங்கியது. அதைக் குறை சொல்ல முடியாது, அவசரப்பட்டவன் நான்.

பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். வால் முனை உயர்ந்திருந்தால் ஷாஃப்டை உருவும்போது ஆயில் அவ்வளவாகக் கொட்டாது. கழற்றும் முன், ஷாஃப்டின் பின்முனையை இணைக்கும் இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கும் (வட்டத் தகடுகள்) குறுக்கே பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன்; கோடு மாறி மாட்டினால் வேகத்தில் வண்டி அதிரக்கூடும். பழைய சீல் கல்லாக இறுகியிருந்தது, நெம்பியதும் ஷாஃப்டைத் தழுவும் அதன் உதடு பொடிந்து விழுந்தது. புதியதன் ஸ்பிரிங் முகத்தை ஆயில் பக்கம் திருப்பி, உதட்டில் கிரீஸ் தடவி, அளவான குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்கினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுபடி கறை வந்தபோதுதான் யோக்கின், அதாவது சீலுக்குள் நுழையும் ஷாஃப்ட் முனையின், மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். சீல் உரசும் இடத்தில் நகம் 'டக்' என்று சிக்கியது. கண்ணுக்கு வெறும் பளபளப்பான வளையம், நகத்துக்குப் பள்ளம். ரப்பர் எஃகைத் தேய்க்குமா? உதட்டில் புழுதி சிக்கினால் தேய்க்கும், அரம் போல. அந்தப் பள்ளத்தின் மேல் எவ்வளவு நல்ல சீலை மாட்டினாலும் ஆயில் அடியில் நழுவிவிடும். யோக்கின் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் (உறை) ஒன்றை ஏற்றினேன். அதன் கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான் என்பதால் சீலின் அளவை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இம்முறை ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பார்த்தேன். உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடி ஆடியே எந்தச் சீலையும் தின்றுவிடும். நல்லவேளை, ஆட்டம் இல்லை. ஆனால் கியர்பாக்ஸின் மூச்சுத் துளை சேற்றில் அடைந்து கிடந்தது! சூட்டில் விரியும் காற்றுக்கு வேறு வழியில்லாதபோது அது ஆயிலைச் சீல் வழியாகத்தான் தள்ளும். ஒரு கம்பியைவிட்டுக் குடைந்தேன், ஐந்து நிமிட வேலை. இதை முதலிலேயே பார்க்காததற்கு இன்றுவரை என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

சீல் வாங்குவதில் ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை, பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த 'அசல்' சீலைத் தேடிப் பிடித்தேன். ரப்பர், உறையைப் பிரிக்காமலே கிழடாகிவிடும். இரண்டாவது முறை, பழையதில் அச்சிட்டிருந்த உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் கொடுத்து, புதிதாக வார்த்த நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் ரப்பர்) சீல் வாங்கினேன். இப்போது ஓடுவது அதுதான்.

வாரம் ஒருமுறை காரின் அடியில் அட்டை விரித்து வைக்கிறேன். வால் முனைக்கு நேரே அட்டை சுத்தமாக இருக்கிறது. இன்று காலை முன்பக்கம் ஒரு சொட்டு இருந்தது. முகர்ந்து பார்த்தேன், கந்தக வாடை இல்லை, என்ஜின் ஆயில்.