பள்ளம் நிரப்ப மண் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் தாழ்ந்த மனையோ விளையோ (தோட்ட நிலமோ) வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் பக்கம் கேபிள் வேலை எடுத்த ஒரு காண்ட்ராக்டர், தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து வேக்கம் லாரியில் உறிஞ்சி எடுத்தார். பூமிக்குள் ஏற்கெனவே கிடக்கும் குழாயும் கேபிளும் லேசில் சேதமாகாது என்பதால் முறை நல்ல முறைதான். ஆனால் லாரியில் ஏறுவது மண் இல்லை, சேறு. அதைத் தெளியவைத்து, தண்ணீரை வடித்து, காய்ந்த மண்ணைக் கலந்து இறுகச் செய்த பிறகுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கு இடமும் வேண்டும், காசும் வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான், தாழ்ந்து கிடந்த என் விளையை நிரப்ப மண் தருகிறேன் என்று என்னிடம் வந்திருக்கிறார்.

பகலில் ஒரு டெம்போ நல்ல சரல் மண் கொண்டுவந்து காட்டி, லோடுக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்கிக்கொண்டார். மீதி லோடெல்லாம் ராத்திரியில் வந்தது. விடிந்து பார்த்தால் விளை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு, தென்னை மூட்டில் முழங்கால் உயரத்துக்கு. போன் போட்டால், "ரெண்டு வாரத்துல வத்தி இறுகிரும் அண்ணாச்சி" என்கிறார். எங்கே வற்ற? மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு காய்ந்து வெடித்தது, அதை நம்பிக் கால் வைத்த பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வயிறு வரை இறங்கிவிட்டது, நாலு பேர் கயிறு போட்டு இழுத்தோம். களி கலந்த நைசான மண் தண்ணீரை லேசில் விடாது. வேருக்குக் காற்றும் போகாது, என் தென்னைகளில் ஓலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஒரு மழைக்கே பாதிச் சேறு கரைந்து பாசனச் சானலில் இறங்கி, கீழே வயல்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இதில் பெரிய அநியாயம், லோடு கணக்கில் பாதி தண்ணீருக்குத்தான் நான் பணம் கொடுத்திருக்கிறேன். காண்ட்ராக்டர் இப்போது போனையே எடுப்பதில்லை.

மண் எங்கே தோண்டியது என்று கேளுங்கள், பழைய பெட்ரோல் பங்க், ஒர்க்‌ஷாப், சாக்கடை ஓரம் என்றால் வேண்டவே வேண்டாம், எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும். ஒவ்வொரு லோடையும் பகலில், நீங்கள் நிற்கும்போதே தட்டச் சொல்லுங்கள். ஒரு கை அள்ளிப் பிழியுங்கள், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வண்டி நம்பரோடு போட்டோ எடுத்து வையுங்கள், சானலிலோ குளத்திலோ இறங்கினால் நீர்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுக்க அதுதான் உதவும்.