'ஸ்கூல் ஜோன்' என்று சொல்லி ஒத்திக்கு வீடு காட்டினால் உஷார் (மதுரை)

மதுரையில் பிள்ளைகள் படிப்புக்காக வீடு மாறப் போகிறவர்கள், அதிலும் ஒத்திக்கு (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது) வீடு தேடுகிறவர்கள், புரோக்கர் கையில் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்க்க அந்த வார்டில் குடியிருந்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி எதுவும் கிடையாது. இருக்கிறது என்று சாதித்துத்தான் என்னிடம் ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கறந்தார்கள்.

நாங்கள் மேலூர்ப் பக்கம். மகள் ஆறாம் வகுப்புக்கும் பையன் இரண்டாம் வகுப்புக்கும் போக வேண்டிய நேரம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்தது, மறு வருஷமே பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும், அரசு உதவி பெறும் பள்ளி சேராது. அப்புறம் பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம் என்பதால்தான் வைகைக்கு வடகரையில் நல்ல பெயர் உள்ள ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியைக் குறிவைத்து அந்தப் பக்கம் வீடு தேடினோம்.

புரோக்கர் போனில் ஒரு படம் வைத்திருந்தார். கூகுள் மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பள்ளியைச் சுற்றி சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் '1 கி.மீ.' என்று எழுதியிருந்தது. "இதாண்ணே ஸ்கூல் ஜோன். வட்டத்துக்குள்ள வீடு இருந்தாத்தான் எச்.எம். அப்ளிகேஷனே குடுப்பாரு. ரெண்டு பிள்ளைகளையும் ஒரே கேட்டுல விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போகலாம்" என்றார். வில்லாபுரத்தில் அதே அளவு வீட்டை 5 லட்சத்துக்குப் பார்த்திருந்தோம். இங்கே 6 லட்சம். கமிஷன் தனி.

பணம் கைமாறிய பிறகு பள்ளிக்குப் போனால், ஆபீஸில் இருந்த அம்மா ரேஷன் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஊருன்னாலும் சேத்துக்கிருவோம் சார். ஒத்தக்கடையில இருந்து, திருமங்கலத்துல இருந்தெல்லாம் பஸ் பாஸ்ல பிள்ளைக வருது" என்றார். மகளுக்கு இடம் கிடைத்தது. பையனைப் பற்றிக் கேட்டதும், "இங்க ஆறாவதுல இருந்துதான். அது யாரு ரெண்டாவதுக்கு இங்க அனுப்புனது?" என்று சிரித்துவிட்டார். ரெண்டு பிள்ளைகளும் ஒரே கேட் என்ற கதை அங்கேயே முடிந்தது.

அந்த ஒரு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், இரண்டு வேறு விஷயங்களைக் குழைத்து அடித்திருக்கிறார் மனிதர். கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாடு விதிகளில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர் நடைதூரத்திலும், எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அது பள்ளி அமைக்க வேண்டிய அரசுக்குப் போட்ட கடமை. பிள்ளைக்குப் போட்ட எல்லை அல்ல. இன்னொன்று, தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு இலவசமாகத் தரும் ஒதுக்கீடு. அதற்கு விண்ணப்பிக்கத்தான் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நலிந்த பிரிவில் கேட்பதானால் ஆண்டு வருமானமும் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதுவும் நுழைவு வகுப்பான எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்புக்கு மட்டும். இடத்தைவிட மனு அதிகம் வந்தால் குலுக்கல்.

மாடி போர்ஷன்காரர் நிலைமை இன்னும் மோசம். தெரு தள்ளி இருக்கிற ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இலவச சீட் உறுதி என்று சொல்லி அவரையும் இதே ஆள்தான் குடிவைத்திருக்கிறார். போய் விசாரித்தால் அது சிறுபான்மை நிறுவனம். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது; 25 சதவீதமும் கிடையாது. மதுரையில் பேர்போன பழைய தனியார் பள்ளிகளில் பல சிறுபான்மைப் பள்ளிகள்தான் என்பது புரோக்கருக்குத் தெரியாதா என்ன?

வீட்டு ஓனர் விஷயத்துக்கு வருகிறேன். ஒத்தி என்று எழுதாமல் கைமாற்றுக் கடன் என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றார், ஊரே இப்படித்தான் செய்கிறது என்று. சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேல் போகிற, ஒத்தி மாதிரியான அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து யாரும் செய்வதில்லை, அது ஓனர்களுக்கு வசதி. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறாது. ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விட்டாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கையில் இருப்பது கடன் பத்திரம் என்பதால் அதை முகவரிச் சான்றாகவும் காட்ட முடியவில்லை. வாடகை ஒப்பந்தம் கேட்டால் "வரி பிரச்சனை வரும்" என்று ஓனர் நழுவுகிறார். மாடிக்காரருக்கு 25 சதவீதத்தில் வேறு பள்ளி பார்க்கலாம் என்றாலும், முகவரி மாற்றாமல் மனு போட வழியில்லை.

பையனைப் பக்கத்திலேயே ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். காலை உணவும் கிடைக்கிறது (2022 செப்டம்பரில் முதலமைச்சர் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான்). அங்கேயும் எந்த வார்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. பொன்முடியார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் என்று சங்கப் புலவர் பெயரெல்லாம் வைத்து ஊர் முழுக்கப் பள்ளி நடத்துகிறது மாநகராட்சி. எதில் சேர்க்கவும் புரோக்கர் தயவு தேவையில்லை.

எனவே வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பள்ளிக்குப் போய்விடுங்கள். எந்த வகுப்பிலிருந்து இருக்கிறது, ஆங்கில வழிப் பிரிவு உண்டா, பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப், உங்கள் பிள்ளை சேரும் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று ஆபீஸில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லக்கூடும், அது வேறு விஷயம். வட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று சொல்ல மாட்டார்கள். தனியார் பள்ளியில் 25 சதவீதம் என்று ஆசை காட்டினால், அது சிறுபான்மைப் பள்ளியா என்று முதலில் கேளுங்கள். வாடகைக்குப் போனால் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஒத்தி என்றால் சார்பதிவாளர் ஆபீஸுக்கு வர மறுக்கும் ஓனரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கொடுத்த ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம், இன்னும் வரவில்லை. அடுத்த பார்ட்டி வந்தால்தான் கொடுப்பேன் என்ற ஓனர், ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆவணி பிறக்கட்டும் என்கிறார். புரோக்கர் போனை எடுப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.