தி ஃபர்ம் ஹார்ட்கவர்னு நம்பி 2,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

ஆத்திரத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து சாயங்காலம் பார்சல் பிரிச்சதுல இருந்து மனசே ஆறல. ஆன்லைன்ல பழைய புக் வாங்குறவங்க என்னென்ன பாக்கணும்னு கடைசில சொல்றேன், முழுசா படிங்க.

தங்கச்சி லா முடிச்சுட்டா, அடுத்த வாரம் வக்கீலா பதிவு பண்ற என்ரோல்மென்ட். ஜான் கிரிஷாமோட தி ஃபர்ம் நாவல், 1991ல வந்த ஹார்ட்கவர் (கெட்டி அட்டை போட்டது) ஒண்ணு அவளுக்கு குடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அவ ஸ்கூல் படிக்கும்போது லெண்டிங் லைப்ரரில எடுத்த அட்டை கிழிஞ்ச காப்பிய ரெண்டு பேரும் பிடுங்கிப் பிடுங்கி படிச்சோம். ஹார்வர்ட்ல படிச்ச மிட்ச் மெக்டியர், 80,000 டாலர் சம்பளம், பிஎம்டபிள்யூ, கம்மி வட்டில வீட்டு லோன்னு மெம்ஃபிஸ்ல இருந்து ஒரு லா ஃபர்ம் கூப்பிட்டதும் போயிடுறான், அது சிகாகோ மொரோல்டோ மாஃபியா குடும்பத்துக்கு கேமன் தீவு வழியா கறுப்புப் பணத்த வெள்ளையாக்குற இடம்னு அப்புறம் தான் தெரியுது. அவ வக்கீலுக்கு படிக்கணும்னு சொன்னதே இத படிச்சுட்டு தான்.

பழைய புத்தகம் விக்கிற ஒரு சோஷியல் மீடியா பேஜ்ல 2,400 ரூபாய்னு போட்டிருந்தாங்க. போன் பண்ணேன். அந்த ஆள் இருபது நிமிஷம் கதையப் பத்தியே பேசுனாரு. "அண்ணா, 1993ல வந்த படத்த மட்டும் பாத்தவங்களுக்கு இந்த புக் தெரியாதுண்ணா, படத்துல டாம் குரூஸ் கிளையன்ட் ரகசியத்த வெளிய விடாம, ஓவரா பில் போட்டு தபால்ல அனுப்புனத வச்சே கம்பெனிய மாட்டி விட்டு வக்கீலாவே இருந்துடுவாரு, புக்குல அவன் கம்பெனி பணத்தயும் எடுத்துட்டு ஓடிடுவான்"னு சொன்னாரு பாருங்க, அந்த இடத்துல தான் நான் விழுந்தேன். இவ்வளவு ரசிச்சு படிச்ச ஆள் ஏமாத்துவாரான்னு, போன வைக்குறதுக்குள்ள முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிட்டேன்.

வந்தது திருட்டு பிரிண்ட் பேப்பர்பேக், அதுக்கு காலிகோ துணி பைண்டிங் போட்டு வச்சிருக்கான். பசை வாசம் கூட போகல. எழுத்து பாதி பக்கத்துல மங்கி கெடக்கு, நடுவுல முப்பத்திரண்டு பக்கம் இல்ல. அதுவும் எந்த இடம் தெரியுமா, எஃப்.பி.ஐ. மிட்ச்ச நெருக்குற இடம். ஃபைல குடுத்தா கிளையன்ட் ரகசியத்த வித்தவன்னு லைசென்ஸ் போகும், மாஃபியா உயிர எடுக்கும், குடுக்கலன்னா மத்தவங்களோட சேந்து ஜெயிலு. யாருக்கு உண்மையா இருக்கறதுன்னு அவன் தவிக்கிறது தான் இந்த கதையோட உயிரே, அத உருவிட்டு குடுத்தா மீதிய வச்சு என்ன பண்றது?

கேட்டா, "ஹார்ட் கவர் தானண்ணா, அட்டை கெட்டியா தான இருக்கு"ங்கறான். அனுப்புன போட்டோல இருந்தது வேற புக்குன்னு கேட்டதுக்கு "கொரியர்ல மாறிருக்கும்"னான். அப்புறம் "வெளியூர்ல இருக்கேன், திங்கட்கிழமை பேசுறேன்". திங்கட்கிழமை வரைக்கும் கூட போகல, நேத்து ராத்திரியே டிபி காணாம போச்சு, பிளாக். அந்த போட்டோவ தேடிப் பாத்தா வெளிநாட்டு சைட்ல இருந்து சுட்டது. 2,400 ரூபாய், என் ஒரு மாச பெட்ரோல் காசு.

நிறைய சொல்லணும்னு நெனச்சேன், இப்ப பொறுமை இல்ல. போட்டோவ நம்பாதீங்க, பக்கத்த புரட்டி வீடியோ கேளுங்க. முழுப் பணத்த முன்னாடியே போடாதீங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, நான் இன்னிக்கு காலைல தான் போட்டேன்.

என்ரோல்மென்ட்டுக்கு ஆறு நாள் தான் இருக்கு. சென்னைல யார்கிட்டயாவது நெஜமான 1991 காப்பி இருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து பாத்துட்டு காசு குடுத்து வாங்கிக்கறேன்.