காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு: எந்த வண்டியில் கூட்டி வருவது?

"காலையில வந்தா சாயங்காலம் போயிடலாம்." டே கேர் சர்ஜரிக்குத் தேதி கொடுக்கும்போது எல்லா மருத்துவமனையிலும் சொல்வது இதைத்தான். கண்புரை, மூலம், சின்னத் துளை வழியாகச் செய்யும் முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பி, சிறுநீர்க் குழாயில் வைத்த ஸ்டென்ட்டை எடுப்பது என்று பல சிகிச்சைகள் இப்போது ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. டாக்டர் யார், செலவு எவ்வளவு, இன்சூரன்ஸ் உண்டா என்றெல்லாம் வீட்டில் பேசுகிறோம். எந்த வண்டியில் கூட்டி வருவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. கடைசியில் கையில் கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

சில வருடங்களில் எங்கள் குடும்பத்தில் நான்கு தடவை இந்த வேலை என் தலையில் விழுந்தது. அம்மாவின் இரண்டு கண்கள், சித்தப்பாவின் மூலம், மச்சானின் முழங்கால். நாங்கள் இருப்பது திருமங்கலம், ஆபரேஷன் எல்லாம் மதுரையில். சுமார் 20 கிலோமீட்டர் தூரம்தான். அந்த 20 கிலோமீட்டரில் தெரிந்துகொண்டதை வைத்து ஒவ்வொரு வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். போவதற்கு எந்த வண்டியும் சரிதான். வண்டியைத் திரும்பி வருவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தூக்க ஊசியோ முழு மயக்கமோ கொடுத்தவர்கள் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது என்பது பொதுவான விதி. ஆள் தெளிவாகப் பேசுவார், சிரிப்பார், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் பேசியது நினைவிருக்காது. முதுகில் ஊசி போட்டிருந்தால் கால் மரத்தது முழுவதும் தெளிய சில மணி நேரம் ஆகும். கண்ணில் ஒரு பக்கம் கட்டுப் போட்டிருந்தால் படியின் உயரம் பிடிபடாது, காலைத் தடவித் தடவி வைப்பார்கள்.

அம்மாவின் முதல் கண்ணுக்கு நான் செய்ததைச் சொன்னால் மற்றது புரியும். எங்களிடம் கார் இருக்கிறது, எனக்கு ஓட்டத் தெரியும், வேறு யார் எதற்கு என்று நானும் அம்மாவும் மட்டும் போனோம். மத்தியானம் மூன்று மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். வண்டியை எடுத்து வரப் பார்க்கிங்குக்குப் போனேன். வெளியேறும் வரிசையில் பதினைந்து நிமிடம் போய்விட்டது. அதற்குள் நர்ஸ் வந்து மூன்று சொட்டு மருந்துகளையும் கொடுத்து, எதை எப்போது விட வேண்டும் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போய்க் கேட்டபோது அம்மா, "பச்சை மூடி ரெண்டு வேளையா, நாலு வேளையா… ஏதோ சொன்னாங்கப்பா" என்றார். மறுபடி மாடிக்கு ஓடிக் கேட்டு வந்தேன்.

அது பரவாயில்லை. பழங்காநத்தம் சிக்னலைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து, "ஏப்பா, ஒரு மாதிரி வருது, நிப்பாட்டு" என்று குரல். இரண்டு பக்கமும் பஸ், பின்னால் ஹாரன், ஓரம் கட்ட இடமில்லை. காலையிலிருந்து பட்டினி, அப்புறம் வெறும் வயிற்றில் காபி. கண் ஆபரேஷன் ஆனவர்கள் சட்டென்று குனியக் கூடாது என்று அப்போதுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா குனிந்துதான் வாந்தி எடுத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை இல்லை.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஓட்டுபவர் வேறு, பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்பவர் வேறு என்று இரண்டு ஆள் இருக்கிறார்களா? மருத்துவமனையில் "அட்டெண்டர் யாரு?" என்று கேட்கிறார்களே, அந்த அட்டெண்டரே ஓட்டுநராகவும் இருந்தால் பாதி வழிக்கு அட்டெண்டர் இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பைக் உடனே அடிபட்டுப் போகிறது. கண்ணுக்குத் தூசி, மூலத்துக்கு ஒவ்வொரு வேகத்தடையும் வேதனை, மயக்கம் தெளியாதவர் பின்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டால் பிடிக்க ஆளில்லை. பல்லுக்குப் போவது போல வெறுமனே அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்த சின்ன வேலை என்றால் போகலாம், மற்றதற்கு வேண்டாம்.

பஸ்ஸைப் போவதற்கு வைத்துக்கொள்ளலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பல வீடுகளில் அம்மாவும் மகளுமாக அப்படித்தான் போகிறார்கள். சர்க்கரை நோயாளி பட்டினியோடு நின்றுகொண்டு போக நேர்ந்தால் மட்டும் யோசியுங்கள். திரும்பும்போது பஸ் கூடாது. ஒரு கண் கட்டோடு மாலை நேரக் கூட்டத்தில் ஒரு முழங்கை இடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் மட்டும் மெட்ரோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். லிஃப்ட் உண்டு, குலுக்கல் இல்லை, ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம் நிலையமும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் சென்ட்ரல் நிலையமும் பக்கம். போவதற்கும், ஒரு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வருவதற்கும் அதைவிட நல்லது இல்லை. ஆபரேஷன் அன்று திரும்ப மட்டும் வேண்டாம், நிலையத்திலிருந்து வீடு வரை இன்னொரு வண்டி மாறியாக வேண்டுமே.

ஆட்டோவை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஐந்து கிலோமீட்டருக்குள், நல்ல ரோடு, கண்புரை என்றால் தெரிந்த ஆட்டோ போதும். துணைக்கு வருபவர் பக்கத்திலேயே உட்காரலாம், வாசல் வரை வரும், ஏறி இறங்கத் தலையைக் கொஞ்சம் குனிந்தால் சரி. ஆனால் சித்தப்பாவை மூலம் ஆபரேஷன் முடிந்து ஆட்டோவில் கூட்டி வந்தது நான் செய்த இரண்டாவது தப்பு. ஒருக்களித்து உட்கார இடமில்லை, சாய முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கித் தூக்கிக்கொண்டே வந்தார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இறங்கியபோது கம்பியைப் பிடித்த உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. வயிறு, இடுப்பு, ஆசனவாய், முழங்கால் இந்த நான்கில் எதில் கத்தி பட்டிருந்தாலும் ஆட்டோ வேண்டாம்.

அடுத்தது ஓலா, ஊபர், ரெட் டாக்ஸி மாதிரியான கால் டாக்ஸி. ஓட்ட ஆள் வேறு, பிடிக்க ஆள் வேறு என்ற கணக்கு இதில் தானாகவே சரியாகிவிடுகிறது. காலையில் போவதற்கு முந்தின இரவே பதிந்து வைக்கலாம். சிக்கல் திரும்பும்போதுதான். டிஸ்சார்ஜ் நேரம் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு முந்திய ஆபரேஷன் இழுத்தால் உங்களுடையதும் தள்ளிப்போகும். முதுகு ஊசி என்றால் சிறுநீர் கழித்துவிட்டாரா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். கேஷ்லெஸ் இன்சூரன்ஸ் என்றால் அதற்கு வேறு காத்திருப்பு. மருத்துவமனை கேட்டு மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் உத்தரவு போட்டிருக்கிறது. அதாவது சட்டப்படியே மூன்று மணி நேரம் வரை உட்காரலாம். சரி, பில் முடிந்ததும் பதிவோம் என்றால், மச்சானுக்கு ஒரு செயலியில் மூன்று ஓட்டுநர்கள் அடுத்தடுத்து கேன்சல் செய்தார்கள். நாலாவதாக வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள வர முடியாது சார்" என்றார். மச்சான் வீல்சேரில், காலில் நீளமான பிரேஸ். நல்லவேளை, வாட்ச்மேன் அண்ணன் கேட் வரை தள்ளிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டார்.

கால் டாக்ஸிதான் வழி என்றால் எந்த மாதிரி கார் வருகிறது என்று பாருங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை. டிசையர், எட்டியோஸ் மாதிரி கார்களில் சீட் தாழ்வு. உட்காருவது எளிது, இடுப்பிலோ வயிற்றிலோ தையல் இருப்பவர் எழுந்திருப்பதுதான் பாடு. இன்னோவா உயரம், வயதானவர்கள் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வேகன் ஆர் சீட் கிட்டத்தட்ட நம் வீட்டு நாற்காலி உயரம், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். மடக்கக் கூடாத முழங்காலுக்கு முன்சீட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளுவது, இல்லையென்றால் பின்சீட்டில் குறுக்காக உட்கார்ந்து காலை சீட் மேலேயே நீட்டுவது. பின்சீட்டில் அப்படி உட்கார்ந்தால் பெல்ட் சரியாகப் போட முடியாது என்பதால் என் ஓட்டு முன்சீட்டுக்குத்தான். வயிற்றில் தையல் இருந்தால் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை.

சொந்தக் கார் இருக்கிறவர்களுக்கு நான் கை காட்டுவது நாள் சம்பளத்துக்கு வரும் ஆக்டிங் டிரைவரை. வண்டி நம்முடையது, சீட்டை முந்தின நாளே சரிசெய்து வைக்கலாம், தலையணை, தண்ணீர், வாந்திக்குப் பாலித்தீன் பை, துண்டு எல்லாம் உள்ளேயே இருக்கும். டிஸ்சார்ஜ் எத்தனை மணிக்கு ஆனாலும் வண்டி அங்கேயே நிற்கும். வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வேலை, நர்ஸ் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நம் வேலை. அன்று முழுவதுக்கும் நான் கொடுத்தது 1,000 ரூபாய், சாப்பாட்டுக்குத் தனி. காசு பெரிதாகத் தெரிந்தால், கார் ஓட்டத் தெரிந்த ஒரு சொந்தக்காரரைக் கூப்பிட்டு நீங்கள் பின்சீட்டுக்குப் போங்கள். சொந்தக் கார் இல்லாதவர்கள் ஸ்டாண்டில் தெரிந்த காரை ஒரு நாள் வாடகைக்குப் பேசலாம். வெயிட்டிங் சார்ஜ், டோல் யார் கொடுப்பது இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் பக்கம் கப்பலூர் டோல்கேட்டில் வைத்து அந்தப் பேச்சு வந்தால் நோயாளிக்கு நல்லதில்லை.

108-ஐச் சிலர் கேட்பார்கள். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் அந்த இலவச ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு மட்டும், ஆபரேஷன் முடிந்த ஆளை வீட்டில் விட வராது. ஆனால் அன்று ராத்திரி ரத்தம் நிற்காமல் வந்தாலோ மூச்சு முட்டினாலோ கார் டிரைவரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். படுத்தபடியேதான் வர முடியும் என்கிற நிலை இருந்தால் தனியார் ஆம்புலன்ஸைப் பேசுவதற்கு முன்னால், இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

காரும் இல்லை, கையில் காசும் இல்லை, துணைக்கு வர ஆளும் இல்லை என்பவர்களுக்குக் கண்ணைப் பொறுத்தவரை நல்ல வழி இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் முகாம் போடுகிறது. ஆரம்பத்தில் ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி, இதெல்லாம் அவர்களுக்கு இலவசமாக இல்லை. அதன் பிறகுதான் ஆபரேஷனோடு பஸ்ஸும் சாப்பாடும் சேர்ந்தன. முகாமிலிருந்தே கூட்டிப்போய், தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு ஊர் ஆட்கள் சேர்ந்து போகிறார்கள், ஒருவருக்கொருவர் கை கொடுத்து இறங்குகிறார்கள். கண்ணுக்குச் செய்ததை மற்ற டே கேர் சிகிச்சைகளுக்கும் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

தூரத்து ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. கண்புரைக்கு மறுநாளே கட்டைப் பிரித்துப் பார்க்க வரச் சொல்வார்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். அன்றே ஊருக்குப் போய் மறுநாள் திரும்பி வருவதற்குப் பதிலாக, மருத்துவமனைப் பக்கத்தில் ஒரு ராத்திரி ரூம் எடுத்துத் தங்கிவிடலாம். வண்டிக் காசோடு கணக்குப் போட்டால் பெரும்பாலும் ரூம்தான் மலிவு, அலைச்சலும் இல்லை.

அம்மாவின் இரண்டாவது கண்ணுக்கு ஆக்டிங் டிரைவர் தம்பி காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். அக்கா பின்சீட்டில் அம்மா பக்கத்தில், நான் முன்னால். நர்ஸ் சொன்னதை அக்கா டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்திலேயே எழுதி, மருந்து மூடியின் நிறத்தையும் எதிரே குறித்துக்கொண்டாள். வாசலில் வண்டி நின்றது. அக்கா முதலில் உள்ளே ஏறி, கதவு மேல்விளிம்பில் அம்மாவின் தலை இடிக்காமல் கையை வைத்துக்கொண்டாள். பழங்காநத்தம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாலித்தீன் பை அக்காவின் மடியில் மடித்தபடியே இருந்தது.